விஸ்வலிங்கம் எடுத்துக் கொடுத்த எண்

உள்ளறையில் ஒட்டுநாடா கிழியும் சத்தம் கேட்டது. ‘சர்ர்ர்’ என்று ஓர் இழுப்பு. சற்று நின்று, முன்னைவிட நீளமாக இன்னோர் இழுப்பு.

வாரத்தில் மூன்று நாளாவது அந்த வீட்டில் கேட்கிற சத்தம்தான். மகள் தர்ஷனா பார்சல் பிரிக்கிறாள். ஆனால் இன்று அந்தச் சத்தம் விஸ்வலிங்கத்துக்குத் தன் முதுகுத் தோலையே யாரோ உரிப்பது போல இருந்தது. கூடத்தில் அவருக்கு எதிரே உம்மு சல்மா உட்கார்ந்திருந்தாள். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பயணப் பைகள் விற்று, இரண்டு மாதங்களுக்கு முன்பு கடையை மூடிவிட்ட அப்துல் கஃபாரின் மனைவி.

“தர்ஷனா, அதை அப்புறம் பிரிச்சுக்கலாம் லா,” என்று குரல் கொடுத்தார்.

“ஒரு நிமிஷம்பா. ஷூ சைஸ் சரியான்னு பாத்துடுறேன். இல்லாட்டி இன்னைக்கே ரிட்டன் போடணும்,” என்று உள்ளிருந்து பதில் வந்தது.

உம்மு சல்மா சிரித்தாள். “விடுங்கண்ணே. எங்க வீட்ல மட்டும் என்ன வாழுது? எங்க மக அஃப்ரீன் கல்யாணமாகி ஆஸ்திரேலியாவுல பெர்த்துக்குப் போறதுக்கு முந்தி, கதவைத் திறந்தா காலை இடிக்கும் பார்சல். அவ அத்தா கடையில நின்னு பேக் விப்பாங்க, இவ ஃபோன்ல பேக் வாங்குவா. ஏம்மான்னு கேட்டா, ‘உங்க கடையில எல்லாமே கறுப்பா இருக்கு அத்தா’ன்னுவா.”

விஸ்வலிங்கமும் சிரிக்க முயன்றார். உதடு விரிந்தது, சிரிப்பு வரவில்லை.

அவள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. மடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. அதைத் திறக்கவும் இல்லை, வந்த காரணத்தைச் சொல்லவும் இல்லை. அடுக்களையில் மனைவி இரஞ்சிதம் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். வந்தவள் எதைக் கேட்கப்போகிறாள் என்று தனக்குத் தெரியும் என்றே விஸ்வலிங்கம் நினைத்தார். ‘நல்லா இருந்த கடையை ஏண்ணே இப்படிப் பண்ணீங்க?’ இரண்டு மாதமாகக் கதவு தட்டப்படும் ஒவ்வொரு முறையும் அவர் எதிர்பார்த்திருந்த கேள்வி அது.

விஸ்வலிங்கம் வாழ்க்கையில் தப்பாக ஒரு கடிதம் எழுதியதில்லை. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வேக்குக் கணக்கராக வந்தவர். மகனும் பதினெட்டு வயதில் ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் இளநிலை எழுத்தராகச் சேர்ந்து, நாற்பத்தோர் ஆண்டுகள் கழித்துத் தலைமை எழுத்தராக வெளியே வந்தார். கம்பெனியின் முதலாளிகள் மூன்று முறை மாறினார்கள். கடிதத்தின் இடது ஓரத்தில் எத்தனை அங்குலம் விட வேண்டும் என்பதை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை, விஸ்வலிங்கம் இருந்தார்.

ஓய்வு பெற்ற பிறகு சிராங்கூனில் அவர் வசித்த அடுக்குமாடி புளோக்குக்கே அவர்தான் எழுத்தர். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கு மேல்முறையீடா, பள்ளி மாற்றமா, மின்கட்டணத் தகராறா, எல்லாம் அவர் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேரும். காசு வாங்கமாட்டார். எழுதி முடித்ததும் ஒரு முறை உரக்கப் படித்துக் காட்டுவார். அந்தப் படிப்பில்தான் அவருக்குக் கூலி இருந்தது. எதிரே இருப்பவர் முகத்தில் ‘இப்படியும் சொல்லலாமா’ என்ற வியப்பு வருமே, அதற்காக அவர் எத்தனை மணி நேரமும் உட்காருவார். ‘எல்லாம் முறைப்படி இருக்க வேணும்’ என்பது அவர் வாயில் ஒரு நாளைக்கு நான்கு தடவையாவது வரும்.

கஃபாருடன் பழக்கம் ஏற்பட்டதே ஒரு புகாரால்தான். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு டிசம்பர் மாதம், சென்னைக்குப் போகிற நாளன்று, சாங்கி விமான நிலையத்தில் புதுப்பெட்டியின் கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. விஸ்வலிங்கம் பொதுத் தொலைபேசியில் கடைக்குப் பேசினார். ரசீது எண், தேதி, பெட்டியின் நிறம் எல்லாம் வரிசையாகச் சொல்லி, ‘இது குறித்து உங்கள் விளக்கம் என்ன?’ என்று கேட்டார். மறுமுனையில் விளக்கம் எதுவும் வரவில்லை. நாற்பது நிமிடம் கழித்து, ஒல்லியாக ஓர் இளைஞர் டாக்சியிலிருந்து இரண்டு பெட்டிகளோடு இறங்கி ஓடி வந்தார்.

“எது பிடிக்குதோ எடுத்துக்குங்கண்ணே. விளக்கம் நீங்க ஊருக்குப் போயிட்டு வந்ததும் சொல்றேன்,” என்றார் அப்துல் கஃபார்.

அதன் பிறகு சனிக்கிழமை மாலை என்றால் விஸ்வலிங்கம் அந்தக் கடையில்தான். தேக்கா சந்தையிலிருந்து பொட்டலம் கட்டி வரும் தேநீர். பாய்க்குப் பால் விட்டது, நீரிழிவுக்காரரான இவருக்குப் பாலும் சீனியும் இல்லாத கோசோங். கடை வாசலில் தராசு ஒன்று தொங்கும். ஊருக்குப் போகிற தொழிலாளிகள் நிரப்பிய பையைத் தூக்கிக்கொண்டு நேராக அங்கேதான் வருவார்கள். கஃபார் எடை போட்டுப் பார்ப்பார், கூடினால் தரையில் மண்டியிட்டுப் பையைத் திறப்பார், பால்மாவு டின்னை இடம் மாற்றுவார், போர்வையைச் சுருட்டிக் கைப்பையில் திணிப்பார், பிறகு கயிறு கட்டிப் பேரையும் ஊரையும் தடித்த எழுத்தில் எழுதிக் கொடுப்பார். விமான நிலையத்தில் யாரும் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அவமானப்படக்கூடாது என்பது அவர் கொள்கை. பை எங்கே வாங்கியது என்று கேட்கமாட்டார்.

பின்பு ஃபோனில் பை வாங்கும் காலம் வந்தது. நானூறு சிங்கப்பூர் வெள்ளி வரையிலான பொருளை இணையத்தில் வெளிநாட்டுக் கடையிலிருந்து வாங்கினால் அப்போது வரி கிடையாது. கடையில் விலை கேட்பார்கள், சக்கரத்தை உருட்டிப் பார்ப்பார்கள், வாசலில் நின்றே ஃபோனில் தேடுவார்கள். கஃபார் ஒன்றும் சொல்லமாட்டார். “சக்கரம் நல்லா ஓடுதான்னு மட்டும் பாத்து வாங்குங்க தம்பி” என்பார்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று ஜனவரி முதல் தேதி அது மாறியது. இணையத்தில் வாங்கும் சின்னப் பொருளுக்கும் பொருள், சேவை வரி உண்டு என்று ஆயிற்று. அந்த வாரம் விஸ்வலிங்கம் கடைக்குப் போனபோது வாசலில் ஓர் அட்டை தொங்கியது. கஃபாரின் கோணல் எழுத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும், ‘இங்கே ஜிஎஸ்டி இல்லை’ என்றிருந்தது.

அவர் சொன்னது உண்மைதான். ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டாத கடை வரிக்குப் பதிந்துகொள்ள வேண்டியதில்லை. பதியாத கடை வரி வாங்கவும் கூடாது. அத்தனை வருடம் சிறியதாக இருந்ததற்குக் கஃபாருக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

“பாத்தீங்களாண்ணே,” என்றார் கஃபார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. “ஒரு அட்டை, மூணு வார்த்தை. ஞாயித்துக்கிழமை நிக்க இடமில்ல லா.”

விஸ்வலிங்கம் அட்டையையே பார்த்தார். “என்ன பாய் இது, கள்ளக்கடை மாதிரி?”

“கள்ளக்கடையா?”

“பாக்கிறவன் என்ன நினைப்பான்? இவரு வரி கட்டாம ஏமாத்துறாருன்னு நினைப்பான். பெரிய கம்பெனி எவனும் உள்ள வரமாட்டான். முறைப்படி ஒரு ஜிஎஸ்டி எண் எடுத்துடுங்க. ரசீதுல எண் இருந்தாத்தான் மரியாதை.”

“நம்பர் இல்லாமத்தான் நம்ம முப்பது வருஷமா ஓட்டிட்டோமே. அதுக்காக யாரும் சலாம் சொல்லாம போனாங்களா?” என்று கஃபார் சிரித்தார்.

விஸ்வலிங்கம் விடவில்லை. அவர் சொன்ன காரணங்கள் எல்லாம் கடிதத்தில் எழுதுவது போல ஒன்று, இரண்டு என்று எண் போட்டு இருந்தன. மொத்த வியாபாரியிடம் கட்டுகிற வரி திரும்பி வரும். தன் தங்கை மகன் கஜன் ஒரு கட்டுமானக் கம்பெனியில் நிர்வாகத்தில் இருக்கிறான், ஊருக்குப் போகும் ஊழியர்களுக்கு வருடா வருடம் பை கொடுக்கிறார்கள், அந்த ஆர்டரை வாங்கித் தரலாம், ஆனால் எண் இருக்கிற கடையில்தான் வாங்குவார்கள். மூன்றாவது காரணத்தை அவர் சொல்லவில்லை. அது, தன் நண்பன் கடை வாசலில் அப்படி ஓர் அட்டை தொங்குவதை அவரால் சகிக்க முடியவில்லை என்பது.

உம்மு சல்மா அப்போது ஊரில் இல்லை. அஃப்ரீனின் பிரசவத்துக்காகப் பெர்த்தில் மூன்று மாதம் இருந்தாள். அவள் இருந்திருந்தால் நடந்திருக்காது என்று விஸ்வலிங்கம் பின்னாளில் பல முறை நினைத்ததுண்டு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நேருக்கு நேர் நின்று சமாளித்தவள் அவள்தான்.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இதே கூடத்தில், இதே மேசையில் கணினியை வைத்துக்கொண்டு விஸ்வலிங்கமே படிவத்தை நிரப்பினார். நிபந்தனைகளை உரக்கப் படித்தார். “தானா முன்வந்து பதிஞ்சா ரெண்டு வருஷம் விலக முடியாது” என்ற வரி வந்தது. மற்றவற்றை நிறுத்தி நிறுத்திப் படித்த அந்த மனிதர் அதை மட்டும் வேகமாகப் படித்துவிட்டு, “அது ஒண்ணும் பெரிசில்ல” என்றார்.

கஃபார் கணினித் திரையை எட்டிப் பார்த்தார். “நீங்க சொன்னா சரிண்ணே,” என்றார். விஸ்வலிங்கம் பொத்தானை அழுத்தினார். தேநீர் கொண்டுவந்த இரஞ்சிதம் அதைப் பார்த்தாள்.

அட்டை இறங்கியது. பையின் விலையில் எட்டு விழுக்காடு ஏறியது, அடுத்த ஆண்டு அது ஒன்பதானது. ஃபோனில் இருந்த விலையும் கடை விலையும் ஒன்றாகிவிட்டன. ஃபோனில் வாங்கினால் பை தொழிலாளிகள் தங்கும் விடுதி வாசலுக்கே வந்துவிடும். அதைவிட மோசம், வந்தவர்கள் கேட்ட கேள்வி. “என்னா பாய், போன மாசம் ஜிஎஸ்டி இல்லேன்னு போர்டு போட்டீங்க, இப்ப இருக்குங்குறீங்க. அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?” எவ்வளவுதான் விளக்குவது? ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் லீவில் வந்தவனுக்குச் சட்டம் கேட்க நேரமில்லை. அவன் அடுத்த கடைக்குப் போனான், அல்லது ஃபோனுக்குப் போனான்.

கஜனின் கம்பெனி ஒரே ஒரு முறை நூற்றிருபது பை வாங்கியது. அடுத்த வருடம் விஸ்வலிங்கம் கேட்டபோது, “சாரி மாமா. சிஸ்டத்துல வேற வெண்டர் வந்துட்டான். இப்ப எல்லாமே ஆன்லைன்லதான் எடுக்குறாங்க. நான் என்ன செய்ய?” என்றான்.

ஒரு சனிக்கிழமை நடந்ததை விஸ்வலிங்கத்தால் மறக்கவே முடியவில்லை. ஒரு தொழிலாளி இணையத்தில் வாங்கிய பளபளப்பான நீலப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தான். எடை நான்கு கிலோ அதிகம். கஃபார் வழக்கம் போல மண்டியிட்டு, அரை மணி நேரம் அடுக்கிக் கட்டிக் கொடுத்தார். கிளம்பும்போது அவன், “அடுத்த தடவை கண்டிப்பா உங்ககிட்டதான் பாய்” என்றான்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்த கஃபார், “இந்த அடுத்த தடவைய எந்த அலமாரியில அடுக்குறதுன்னுதான் தெரியலண்ணே,” என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இருந்திருந்தால் விஸ்வலிங்கத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவர் சனிக்கிழமைகளில் போவதைக் குறைத்தார். கால் வலி என்றார், மழை என்றார். இரண்டு வருடம் முடிந்து எண்ணை ரத்து செய்ய முடிந்தபோது, கடைக்கு ஆள் வரத்து நின்றிருந்தது. குத்தகை முடிந்தது, வாடகை ஏறியது, ஏப்ரலில் கடையை மூடினார்கள். ‘எண் இல்லாட்டியும் மூடியிருப்பாங்கப்பா, இப்ப எந்தக் கடைதான் நிக்குது?’ என்றாள் தர்ஷனா. இருக்கலாம். ஆனால் நிமிர்ந்து நின்றிருந்தவனை இரண்டு வருடம் முன்கூட்டியே கீழே தள்ளிய கை தன்னுடையது என்று விஸ்வலிங்கத்துக்குத் தெரியும். கடை மூடிய அன்று அவர் போகவில்லை. வீட்டில், கணினி முன்னால், ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருந்தார்.

“பாய் எப்படி இருக்காரு?” என்று இப்போது கேட்டார். இதைக் கேட்கவே அவருக்குப் பத்து நிமிடம் தேவைப்பட்டது.

“ஹௌகாங்ல ஒரு கொண்டோ அடுக்குமாடியில செக்யூரிட்டி வேலைண்ணே. பன்னெண்டு மணி நேரம். நிக்கிற வேலைதான், ஆனா அவங்களுக்கு அது பழக்கம்தானே. யூனிஃபார்ம் போட்டதும் ஆளு எடுப்பாத்தான் இருக்காங்க,” என்று சொல்லிச் சிரித்தவளின் கண், சிரிப்பு முடிவதற்குள் கலங்கிவிட்டது. முந்தானையால் அதை ஒற்றிக்கொண்டு, “நான் இங்க வந்தது அவங்களுக்குத் தெரியாது,” என்றாள்.

விஸ்வலிங்கம் காத்திருந்தார்.

“உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் முதல்ல வந்தேன்.”

“எதுக்கு?”

“கடை மூடுற அன்னைக்கு நீங்க வரல. எனக்கு மனசு கேக்கல. முப்பது வருஷப் பழக்கம், ஒரு எட்டு வந்து பாக்கக்கூடாதான்னு போன வாரம் அவங்ககிட்ட கோபமா பேசிட்டேன். அப்பத்தான் அவங்க சொன்னாங்க. ‘அண்ணன் மேல தப்பில்ல. அந்த நம்பர் வேண்டாம்னு அவரு தலைதலையா அடிச்சுக்கிட்டாரு. நான்தான் பெரிய ஆர்டர் வரும்னு பேராசைப்பட்டு எடுத்தேன். அவர் பேச்சைக் கேக்காதவன், இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போய் நிக்கிறது’ன்னாங்க.” அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “எனக்கு இது தெரியாமப் போச்சேண்ணே. ரெண்டு மாசமா உங்களப் பத்தி மனசுல என்னென்னமோ நெனச்சுட்டேன்.”

விஸ்வலிங்கத்துக்கு, திட்டு வரும் என்று குனிந்து நின்றவன் தலையில் மாலை விழுந்தது போல இருந்தது. அந்த மாலையின் கனத்தை அவர் கழுத்தால் தாங்க முடியவில்லை.

அவள் கோப்பைத் திறந்து தாள்களை மேசையில் பரப்பினாள். “ஜாலான் புசார்ல தையக்கடை வெச்சிருக்குற கண்மணி, தன் கடை முன்பக்கத்துல பாதிய எனக்கு விடுறேங்குறா. கட்டடச் சொந்தக்காரரும் சரின்னுட்டாரு. மிச்சமிருக்குற பேக்கை எல்லாம் போட்டு என் பேர்ல தொடங்கலாம்னு இருக்கேன். அந்தத் தராசையும் மாட்டிடலாம். இது ஒப்பந்தம், இது ஏதோ லைசென்ஸ் பேப்பர். எல்லாம் இங்கிலீஷு. நீங்க படிச்சுப் பாருங்க. கணக்கையும் நீங்கதான் பாத்துக்கணும். அன்னைக்கு உங்க பேச்சைக் கேக்காம கெட்டோம். இந்தத் தடவை நீங்க எங்க கையெழுத்துப் போடச் சொல்றீங்களோ அங்க போடுறேன். ஒரு வார்த்தை எதிர்த்துக் கேக்கமாட்டேன்.”

அடுக்களை வாசலில் இரஞ்சிதம் தட்டோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவள் கணவரைப் பார்க்கவில்லை, தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘சரி, பார்க்கிறேன்’ என்று இரண்டு சொல் போதும். தாள்களை எடுத்துப் படிக்கலாம். ஒவ்வொரு வரியையும் இம்முறை நிறுத்திப் படிக்கலாம். எண் எடுக்க வேண்டாம் என்ற சரியான யோசனையைச் சொல்லலாம். கடை நன்றாக நடக்கும், சனிக்கிழமைகள் திரும்பி வரும், பாயும் வருவார். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. நண்பன் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டு கட்டிக் கொடுத்த பாலம். ஏறி நடந்தால் போதும்.

அவர் கை தாள் வரை போனது. மேல் தாளில், கையெழுத்துப் போட வேண்டிய கோட்டுக்குப் பக்கத்தில், அவள் பென்சிலால் சின்னதாகத் தன் பெயரை எழுதிப் பழகியிருந்தாள். மூன்று முறை. கடைசியில் எழுதியது கொஞ்சம் நேராக வந்திருந்தது.

“சல்மா,” என்றார். “பாய் உங்ககிட்ட சொன்னது உண்மையில்ல.”

அவள் நிமிர்ந்தாள்.

“அவரு வேண்டாம்னாரு. நான்தான் விடாம எடுக்க வெச்சேன். படிவத்தை நிரப்பினது நான். இந்த மேசையில, இந்த விரலால பொத்தானை அமுக்கினது நான். ரெண்டு வருஷம் விலக முடியாதுன்னு படிச்சிட்டு, அது பெரிசில்லன்னு சொன்னதும் நான்தான். அந்த அட்டை எனக்கு அசிங்கமா பட்டுது. அதுதான் நிஜமான காரணம். வேற எல்லாம் சும்மா.”

கீழே பேருந்து ஒன்று நின்று கிளம்பியது.

“நான் பெர்த்துலேர்ந்து வந்து கேட்டப்பவும்,” என்று உம்மு சல்மா மெல்லச் சொன்னாள், “அட்டை எங்கேன்னு கேட்டப்பவும், காத்துல பறந்துடுச்சுன்னாங்க. அப்பவே உங்களுக்காகத்தான் சொல்லியிருக்காங்க.”

“மன்னிச்சிடுங்கன்னு சொல்ல எனக்கு…”

“சொல்லாதீங்கண்ணே.” அவள் குரல் உயரவில்லை. “நான் மன்னிக்கிறதா இருந்தா அதுக்குக் கொஞ்ச நாளாகும். இப்ப உடனே சொன்னா வாய்தான் சொல்லும்.”

தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஓரம் தட்டி, கோப்பில் வைத்தாள். விஸ்வலிங்கம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாழ்நாளில் எத்தனையோ பேர் அந்த மேசைக்குத் தாள் கொண்டுவந்திருக்கிறார்கள். திருப்பி எடுத்துக்கொண்டு போனவள் இவள் ஒருத்திதான்.

“நான் படிச்சுத் தரேன் சல்மா. படிக்க மட்டும்,” என்றார்.

“வேண்டாம்ணே. பள்ளிவாசல் பக்கத்துல அஹமது கபீருன்னு ஒருத்தர் இருக்காரு, அவரு பாத்துச் சொல்வாரு. கோபத்துல சொல்லல. இனிமே நீங்க ஒண்ணு சொன்னா, சரியாவே இருந்தாலும், எனக்குப் பயமா இருக்கும்.”

“எண் மட்டும் எடுத்துடாதீங்க. அந்த அளவு விற்பனை வர்ற வரைக்கும் தேவையே இல்ல.”

“அது இப்ப எனக்கே தெரியும்ணே,” என்றாள்.

இரஞ்சிதம் தட்டை மேசையில் வைத்தாள். “ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்கோ சல்மா,” என்றாள். சிங்கப்பூரில் பிறந்தவள்தான், என்றாலும் மனசு தவிக்கும்போது அம்மாவின் யாழ்ப்பாணப் பேச்சு அவள் வாயில் வந்துவிடும்.

உம்மு சல்மா கோப்பையை எடுத்தாள். சூடு ஆறாத தேநீரை நின்றபடியே முழுக்கக் குடித்தாள். பாதியில் வைத்துவிட்டுப் போயிருந்தால்கூட விஸ்வலிங்கம் தாங்கியிருப்பார். அவள் மரியாதை குறையாமல் நடந்துகொண்டதுதான் அவரை அறுத்தது.

ஷூவோடு வெளியே வந்த தர்ஷனா, “அதுக்குள்ள கிளம்பிட்டீங்களா ஆன்ட்டி?” என்றாள். அப்பா முகத்தையும் அம்மா முகத்தையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

“இன்னொரு நாள் வரேன்மா,” என்று சொல்லிவிட்டு உம்மு சல்மா செருப்பை மாட்டிக்கொண்டாள். விஸ்வலிங்கம் வாசல் வரை போனார். இரும்புக் கதவைத் தாண்டி நடைவழியில் இறங்கியவள், திரும்பி நின்றாள்.

“ஒண்ணு கேக்குறேன், செய்வீங்களா அண்ணே?”

“சொல்லுங்க.”

“நீங்க இதை எங்கிட்ட சொன்னது அவங்களுக்குத் தெரிய வேண்டாம். நானும் காட்டிக்கமாட்டேன். கடை போச்சு, மரியாதை போச்சு, பன்னெண்டு மணி நேரம் கேட்டுல நிக்கிறாங்க. உங்களைக் காப்பாத்திட்டோம்ங்கிற ஒண்ணுதான் அவங்ககிட்ட மிச்சம் இருக்கு. அதையும் நம்ம ரெண்டு பேரும் சேந்து புடுங்கிட வேண்டாம்.”

விஸ்வலிங்கத்துக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் அவர் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நாளைக்கே ஹௌகாங்குக்குப் போய், கொண்டோ வாசலில் நிற்கும் நண்பனின் கையைப் பிடித்து, ‘பாய், தப்பு என்மேலதான், சல்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்’ என்று அழ வேண்டும் என்று சற்று முன்புதான் தீர்மானித்திருந்தார். அந்த வழியும் இப்போது அடைபட்டது. இனி எப்போது கஃபாரைப் பார்த்தாலும், யோசனை சொல்லியும் கேட்கப்படாத நல்லவராக, அவர் கொடுத்த பெயரோடுதான் நிற்க வேண்டும்.

“செய்றீங்களாண்ணே?”

“சரி,” என்றார்.

அவள் தலையசைத்தாள். கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு மின்தூக்கியை நோக்கி நடந்தாள். செருப்புச் சத்தம் நடைவழி நெடுகப் போய், மூலையில் திரும்பி, நின்றது. மின்தூக்கி திறந்து மூடுவது கேட்டது. அதற்குப் பிறகும் விஸ்வலிங்கம் கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

“இஞ்சாருங்கோ, உள்ள வாங்கோ,” என்றாள் இரஞ்சிதம்.

அவர் இரும்புக் கதவைப் பூட்டினார். பிறகு மரக்கதவையும் சாத்தினார்.